குளிர்காலப் பட்டை அழகுக்கு ரிவர் பிர்ச்: நடும் முறை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இலையுதிர்ந்த தோட்டத்தில் கண்ணுக்கு எஞ்சுவது மரப்பட்டைதான். அதற்காக வெள்ளைப் பட்டைப் பிர்ச் மரத்தை வாங்குவோர் பலர், கோடை வெப்பத்தில் நலிந்த மரத்தைத் தண்டுத்துளைப்பான் வண்டுக்குப் பறிகொடுக்கிறார்கள். அந்நாட்டு ஆற்றங்கரைகளில் இயல்பாக வளரும் ரிவர் பிர்ச், வண்டையும் வெப்பத்தையும் நன்கு தாங்குவதோடு, இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த பட்டையைக் காகிதச் சுருளாக உரிக்கவும் செய்யும். (பழைய சுவடிகளுக்குப் பயன்பட்ட பூர்ஜ பத்திரம், இதன் இமயமலை உறவான மரத்தின் பட்டை.)

முதலில் இடம். மரம் 12 முதல் 20 மீட்டர் வரை உயர்ந்து அகலமாகப் படரும் என்பதால், சுவரிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, கழிவுநீர்க் குழாய்க்கு அருகில் இல்லாத வெயிலான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டின் மேற்கே வைத்தால் கோடைப் பிற்பகலில் நிழல் கிடைக்கும்; குளிர்காலத்தில் சாயும் வெயில் உரிந்த சுருள்களை ஊடுருவி ஒளிர்வதைச் சன்னலிலிருந்தே காணலாம்.

அடுத்து மண் பரிசோதனை. கார அமில நிலை 6.5-ஐத் தாண்டினால் மரத்தால் இரும்புச் சத்தை எடுக்க இயலாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். அத்தகைய மண்ணை மாற்றப் போராடுவதைவிட வேறு மரத்தை நாடுவதே மேல் என்பது என் கருத்து.

நர்சரியில் 'ஹெரிடேஜ்' என்ற வகையை, மூன்று தண்டுகள் சேர்ந்த கன்றாகக் கேளுங்கள். பார்க்கப் பட்டையும் அதிகம் கிடைக்கும்.

இளவேனிலில் நடுவது நல்லது. வேர்க்கட்டியைப் போல இரண்டு அல்லது மூன்று மடங்கு அகலமாகவும், அதன் உயரத்துக்கு மிகாத ஆழமாகவும் குழி தோண்டி, சுற்றி வளைந்த வேர்களை நறுக்கிவிட்டு, தண்டு அகன்று வேராகப் பிரியும் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நிறுத்தி, தோண்டிய மண்ணையே இட்டு நிரப்புங்கள். பிறகு 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மரச்சீவல் மூடாக்கு இடலாம். அது தண்டைத் தொடக்கூடாது. ஆற்றங்கரை மரமாதலால் முதல் இரண்டாண்டுகளில் மழையில்லாத வாரங்களில் ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும்.

இளவேனிலில் வெட்டினால் சாறு வடியும். எனவே, தண்டை மறைக்கும் கீழ்க்கிளைகளை நடுக்கோடைக்குப் பின் சிறிது சிறிதாகக் கவாத்து செய்யுங்கள். சுருண்டு தொங்கும் பட்டையைக் கையால் உரிக்க ஆசை வரும்; உரித்தால் உள்பட்டை காயப்படும். முதிர முதிர அடித்தண்டு கறுத்து வெடிப்புவிட்டாலும் மேற்கிளைகள் தொடர்ந்து உரிந்துகொண்டிருக்கும்.