இலையை இழுத்தால் வரியாகும்: உருமறைப்பு மேசை விரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கடதாசியில் அச்சிட்ட படத்தைச் சூட்டில் அழுத்தித் துணியில் ஏற்றுவதுதான் வேலை. தொழில் பழக வந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கணினியில் படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். எனக்கு நெஞ்சு பதறியது. அதே இழுவையில் நான் பன்னிரண்டு விரிப்புகளைப் பறிகொடுத்தவன். படத்தைக் கண்ணாடி விம்பமாகத் திருப்ப வேண்டும், கடதாசி நழுவக்கூடாது என்பதையெல்லாம் எல்லோரும் முதல் நாளே கற்றுவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தை இழுத்து நிரப்புவது

கணினி வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தன் அலுவலகத்துக்கு, விசைப்பலகைக்கு அடியில் போடும் மேசை விரிப்புகள் பன்னிரண்டு கேட்டார். பழைய மேற்சட்டைத் துணியின் படமொன்றைக் கொண்டுவந்தார். சதுரமான படம். அமெரிக்கத் தரைப்படையின் பொறியியல் ஆய்வுக்கூடம் 1948இல் உருவாக்கிய, படையினரைச் சூழலோடு கலந்து மறைக்கும் உருமறைப்பு இலைக்கோலம் அது; வியட்நாம் போரில் பரவலாகப் பயன்பட்டது. வெளிர்பச்சையில் கரும்பச்சையும் மண்ணிறமும் படர, மேலே கறுப்புக் கிளைகள் ஓடும்.

விரிப்பின் அளவு 90 × 40 சென்ரிமீற்றர். சதுரத்தை அப்படியே இழுத்து நிரப்பினேன். அகலம் உயரத்தைவிட இரண்டேகால் மடங்கானது. இலைகள் நசுங்கிப் படுத்தன. கிளைகள் நீண்டு கிடைக்கோடுகளாயின. இலைக்கோலம் வரிக்கோலமாகிவிட்டது. போர் நடந்த வன்னியில் வரிக்கோலம் என்றால் யாருடைய சீருடை நினைவு வரும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

விரிப்புகளை எடுக்க அந்த இளைஞரோடு அவருடைய அம்மாவும் வந்திருந்தார். மேலே கிடந்ததை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு சுருட்டி என் கையில் தந்து, "தம்பி, இது வேண்டாம்" என்றார். வேறொன்றும் பேசவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அச்சிட்டதை அழிக்கவும் வழியில்லை. சப்ளிமேஷன் மை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகி பொலியெஸ்ரர் இழைக்குள் புகுந்துவிடும். கழுவினாலும் சுரண்டினாலும் போகாது. அதனால்தான் இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஒன்றை மட்டும் அச்சிட்டுப் பார்த்திருந்தால் பதினொன்று தப்பியிருக்கும்.

உருமறைப்புக் கோலத்துக்கு அளவுதான் அடையாளம். 1981இல் வந்த, அமெரிக்கப் படையின் வுட்லண்ட் கோலமே இந்த 1948ஆம் ஆண்டுக் கோலத்தை 60 சதவீதம் பெருப்பித்து, ஓரங்களைத் திருத்தி எடுத்ததுதான். பெருப்பித்தாலே வேறு கோலமாகிறது என்றால், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் என்னவாகும்?

துணியைப் படமெடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள். துணியில் ஓர் இலை எத்தனை சென்ரிமீற்றரோ, விரிப்பிலும் அத்தனை இருக்க வேண்டும். இடம் மிஞ்சினால் கோலம் எங்கே மீண்டும் தொடங்குகிறதென்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் பொருத்தித் தொடருங்கள். முதலில் ஏ4 கடதாசியில் உண்மையான அளவில் அச்சிட்டு, துணிக்கு அருகில் வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன பன்னிரண்டில் ஒன்றைக் கடையில் வைத்திருக்கிறேன். பழக வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் விரித்துக் காட்டுவேன்.

சிறிதாக்குவது

விசைப்பலகை மறைத்துவிடும் என்று பயந்து கோலத்தைச் சுருக்குகிறார்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் எல்லா நிறமும் கலந்து பாசியாகத்தான் தெரியும்.

கடதாசியில் நிறம் பார்ப்பது

அழுத்துவதற்கு முன் மை மங்கலாகவே இருக்கும். அதைப் பார்த்து நிறத்தைக் கூட்டினால் பழைய துணியின் வெளுத்த பச்சை புத்தம்புதிதாகிவிடும். துணியில் ஏறிய பிறகு பாருங்கள்.

ஈரம்

ஐப்பசி முதல் மார்கழி வரை, மழைக்கால ஈரம் போக, வெறும் விரிப்பைச் சில விநாடிகள் சூடாக்கிவிட்டே அச்சிடுங்கள்.

போலிக் கிழிசல், போலிக் கறை

வேண்டாம்.

சோதனைத் துணி

மிஞ்சிய துண்டுகளில் தொப்பியோ சட்டையோ தைக்க யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். படையினர் உடைபோலத் தெரியும் எதுவும் உடுத்தவரைச் சிக்கலில் மாட்டும். நான் அவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் வெளியே போடுகிறேன்.