வோல்ட், ஓம், வாட்: வேப் சாதனத்தில் பலரும் போடும் தப்புக் கணக்குகள்

நண்பர் ஒருவர் தன் வேப் சாதனத்துக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, தானே சுற்றிய புதுக் காயிலைக் காட்ட வந்திருந்தார். நிகோட்டின் லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்தான் காயில். கையில் செம்புக் குழாய் மாதிரி ஒரு மெக்கானிக்கல் மாட் (பேட்டரியும் பொத்தானும் இருக்கும் உடம்புதான் மாட்). உள்ளே 18650 என்ற உருளை வகைப் பேட்டரி ஒன்று. பொத்தானை இரண்டு மூன்று நொடி அழுத்தினார், புகை அள்ளிக்கொண்டு வந்தது. சாதனத்தை என்னிடம் நீட்டினார். வாங்கியதும் திடுக்கிட்டேன், குழாயே சுட்டது. காயில் சுடுவதில் ஆச்சரியம் இல்லை. அது சுடத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டரி இருக்கிற இடம் ஏன் சுட வேண்டும்?

காயிலைக் கழற்றி ஓம் மீட்டரில் வைத்தேன். 0.1 ஓம். "ஓம் குறைஞ்சா புகை கூடும்னு சொன்னாங்க" என்றார். சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். மிச்சப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேப் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். நிகோட்டின் பிடித்தால் விடாது. ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் விரலையும் முகத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ள இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

வோல்ட் என்பது மின்னழுத்தம், ஓம் என்பது மின்தடை, ஆம்ப் என்பது ஓடுகிற மின்னோட்டம், வாட் என்பது மின்திறன், அதாவது நொடிக்கு எவ்வளவு சூடு என்பதன் அளவு. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்ப். வோல்ட்டை ஆம்பால் பெருக்கினால் வாட். பள்ளியில் படித்த அதே ஓம் விதிதான், புதிதாக எதுவும் இல்லை. இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றவையும் நகரும். அதனால் ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற எல்லா இடத்திலும் தப்பு நடக்கிறது.

ஓமைக் குறைத்துக்கொண்டே போவது

மெக்கானிக்கல் மாடில் சர்க்யூட் போர்டு கிடையாது. பேட்டரி, பொத்தான், காயில், அவ்வளவுதான். பேட்டரியின் அழுத்தம் நேரே காயிலுக்குப் போகும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் அயன் பேட்டரி 4.2 வோல்ட் காட்டும். 0.5 ஓம் காயில் என்றால் 4.2 ÷ 0.5, அதாவது 8.4 ஆம்ப். 0.2 ஓம் என்றால் 21 ஆம்ப். நண்பரின் 0.1 ஓம் காயிலுக்கு 42 ஆம்ப். 0.2-க்கும் 0.1-க்கும் நடுவே இருக்கிற அந்தத் துளி வித்தியாசம் 21 ஆம்ப்புக்குச் சமம். மீட்டரில் கடைசி இலக்கம் ஒன்று மாறுவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

நல்ல 18650 பேட்டரிகள் தொடர்ந்து தாங்கக்கூடியது பெரும்பாலும் 20-இலிருந்து 30 ஆம்ப் வரைதான். இதைத் தொடர் வெளியேற்ற வரம்பு என்பார்கள். பலரும் வைத்திருக்கும் சாம்சங் 25ஆர் பேட்டரியின் வரம்பு 20 ஆம்ப். 42 ஆம்ப் கேட்டால் அது அப்படியே தந்துவிடாது, அழுத்தம் சரியும். ஆனால் சரிகிற அந்த அழுத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரிக்கு உள்ளேயும் கொஞ்சம் தடை இருக்கிறது, சுமாராக 20 மில்லி ஓம் என்று வையுங்கள். காயிலின் 0.1 ஓமோடு அதையும் சேர்த்தால் மொத்தம் 0.12 ஓம், ஓடுவது 35 ஆம்ப். அதில் பேட்டரிக்குள்ளேயே வெந்து தணிவது சுமார் 24 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட். அதைப் பேட்டரிக்குள் செருகி, அந்தப் பேட்டரியை உதட்டருகே பிடிப்பதற்குச் சமமான காரியத்தைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். குழாய் சுட்டதற்குக் காரணம் அதுதான்.

இதில் இன்னொரு தப்பும் ஒளிந்திருக்கிறது. பேட்டரியின் பெயரளவு அழுத்தம் 3.7 வோல்ட் என்று மேலே அச்சிட்டிருப்பதால் அதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மெக்கானிக்கல் மாடுக்கு எப்போதும் 4.2-ஐ வைத்தே வகுங்கள். சார்ஜரில் இருந்து எடுத்துப் போட்ட முதல் இழுப்புதான் அதிக மின்னோட்டம் ஓடும் நேரம்.

ரெகுலேட்டட் மாடிலும் அதே கணக்கைப் போடுவது

சர்க்யூட் போர்டும் திரையும் உள்ள மாடுக்கு வந்தால் கதையே வேறு. இங்கே அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். காரணம், இதற்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. போர்டுக்கும் காயிலுக்கும் நடுவே ஒன்று, பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே ஒன்று. காயில் பக்கக் கணக்கைப் போட்டுவிட்டு, அதையே பேட்டரிக்கும் பொருத்திவிடுகிறார்கள்.

ஒரு ஒற்றைப் பேட்டரி மாடில் 60 வாட் வைக்கிறீர்கள். காயில் 0.15 ஓம் என்றால் போர்டு அதற்கு 3 வோல்ட் அனுப்பும், காயிலில் 20 ஆம்ப் ஓடும். காயில் 0.5 ஓம் என்றால் சுமார் 5.5 வோல்ட், 11 ஆம்ப். பார்த்ததும் இரண்டாவது காயில்தான் பேட்டரிக்கு இதம் என்று தோன்றும். அப்படி இல்லை. இரண்டுக்கும் பேட்டரி கொடுப்பது அதே 60 வாட்தான். காயிலின் ஓம் அதற்குத் தெரியவே தெரியாது. போர்டு எவ்வளவு வாட் கேட்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

சரி, அப்படியானால் பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்ப் போகிறது? போர்டிலேயே பத்து சதவீதம் வீணாகும் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 4.2 வோல்ட்டில் இருக்கும்போது சுமார் 16 ஆம்ப். அதே பேட்டரி தீர்ந்து 3.3 வோல்ட்டுக்கு இறங்கியதும் 20 ஆம்ப்பைத் தாண்டிவிடும். ஆமாம், தீரத் தீர மின்னோட்டம் கூடுகிறது, மெக்கானிக்கல் மாடுக்கு நேர் எதிராக. அழுத்தம் குறைந்ததை ஈடுகட்ட, போர்டு அதிக ஆம்ப்பை உறிஞ்சுகிறது. சார்ஜ் குறைந்த நேரத்தில் மாட் ஏன் சூடாகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆகவே ரெகுலேட்டட் மாடுக்குக் கணக்குப் போடும்போது கீழ் அழுத்தத்தை எடுங்கள். இரண்டு பேட்டரி மாட் என்றால் வாட்டைப் பாதியாக்கிவிட்டு இதே கணக்கைப் போட்டால் போதும்.

வாட் ஒன்றானால் சூடும் ஒன்றுதான் என்று நினைப்பது

"அவர் 50 வாட்ல இழுக்கிறார், நானும் 50 வைக்கிறேன், எனக்கு மட்டும் தொண்டை கருகுது." இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். ஒரே அடுப்பில் சின்னக் கிண்ணத்தையும் பெரிய அண்டாவையும் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி கொதிக்குமா? மெல்லிய கம்பியில் ஐந்து சுற்றுச் சுற்றிய காயிலுக்கு 50 வாட் என்பது நெருப்பு. தடித்த கம்பிகளை முறுக்கிச் சுற்றிய காயில் அதே 50 வாட்டில் மெதுவாகக் கண் விழிக்கும், பொத்தானை அழுத்திய பிறகு சூடேறவே ஒரு நொடி எடுக்கும். கம்பியின் மேற்பரப்பு எவ்வளவு, அதன் கனம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது இது. ஓம் இதைச் சொல்லாது. இரண்டு காயில்களுக்கும் 0.4 ஓம் இருக்கலாம், குணம் முற்றிலும் வேறாக இருக்கலாம்.

இரட்டைக் காயில் போடுகிறவர்கள் இங்கேயும் சறுக்குவார்கள். தலா 1 ஓம் உள்ள இரண்டை இணையாகப் பூட்டினால் மொத்தம் 2 ஓம் ஆகாது, 0.5 ஓம் ஆகும். ரெகுலேட்டட் மாடில் 30 வாட் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 15 வாட்தான். மெக்கானிக்கல் மாடிலோ பேட்டரியின் சுமை ஒரே அடியில் இரட்டிப்பாகும்.

கடையில் ஆயத்தமாக வாங்கும் காயில் தலையின் (காயிலும் காட்டனும் அடங்கிய சின்ன உருளை) உடம்பில் வாட் வரம்பு அச்சிட்டிருப்பார்கள். கீழ் எல்லையில் தொடங்கி, இரண்டிரண்டு வாட்டாக ஏறுங்கள். புகையை முதலில் வாயில் தேக்கிப் பிறகு உள்ளே இழுப்பதற்கான, 1 ஓமுக்கு மேற்பட்ட காயில்கள் பெரும்பாலும் 8 முதல் 15 வாட்டிலேயே நிறைவாக வேலை செய்யும். அதில் 30 வைத்துவிட்டுக் காயிலைக் குறை சொல்லக் கூடாது.

வோல்ட்டை மட்டும் பார்த்துப் பயப்படுவதும், பயப்படாமல் இருப்பதும்

நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2015-இல் ஓர் ஆய்வுக் கடிதம் வந்தது. 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஆவியில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சை வெளிவிடும் சேர்மங்கள் பிடிபடவில்லை, 5 வோல்ட்டில் பிடிபட்டன என்றது அது. உடனே "5 வோல்ட் விஷம்" என்று பரவியது. அதே ஆண்டில் எதிர்வாதமும் வந்தது. காயிலுக்கு லிக்விடை உறிஞ்சித் தரும் காட்டன் காய்ந்து கருகும் நிலையில்தான் அந்த அளவுகள் வருகின்றன, அந்தக் கசப்பை எந்த மனிதனும் தொடர்ந்து இழுக்க மாட்டான் என்றார்கள்.

என் பார்வையில், வோல்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதே பிழை. 5 வோல்ட்டை 2.5 ஓம் காயிலில் கொடுத்தால் 10 வாட். 1 ஓம் காயிலில் கொடுத்தால் 25 வாட். இதில் எது கருகும் என்பது காட்டன் எவ்வளவு வேகமாக லிக்விடை இழுத்துத் தருகிறது, காற்று எவ்வளவு பாய்கிறது என்பதையும் சேர்த்தது. ஆனால் ஆய்வின் அடிப்படை உண்மையைத் தள்ளிவிடவும் முடியாது. லிக்விடில் இருக்கும் புரோப்பிலீன் கிளைகால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, கிளிசரின் 290-இல். லிக்விட் இருக்கும்வரை காயிலின் சூடு பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியே கட்டுப்பட்டிருக்கும். லிக்விட் தீர்ந்த இடத்தில் சூட்டுக்குத் தடையே இல்லை. அங்கே கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்றவை உருவாகின்றன. தொண்டையைப் பிடிக்கிற அந்தக் கருகல் வாடை எச்சரிக்கை. அதைப் பழகிக்கொள்ளாதீர்கள்.

கருகல் வந்ததும் லிக்விட் இருக்கும் டேங்க்கை நிரப்பிவிட்டு, "சரியாயிடும்" என்று தொடர்ந்து இழுப்பவர்களைப் பார்க்கிறேன். கரிந்த காட்டன் திரும்பாது. மாற்றத்தான் வேண்டும். புதுக் காயில் போட்டதும் சில சொட்டுகளைக் காட்டனில் விட்டு, டேங்க்கை நிரப்பி, பத்து நிமிடம் பொறுங்கள். முதல் இழுப்பிலேயே கருகிப்போகும் காயில்களில் பாதிக்கு மேல் இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காததால் போனவை என்றுதான் நினைக்கிறேன்.

நிகோட்டின் பற்றி ஒன்று. வாட் ஏறினால் ஒரு இழுப்பில் ஆவியாகும் லிக்விட் கூடும், உள்ளே போகும் நிகோட்டினும் கூடும். பாட் (pod) எனப்படும் சின்ன சாதனத்துக்கென்று செய்த அடர்த்தியான நிகோட்டின் சால்ட் லிக்விடை 60 வாட் சப்-ஓம் (1 ஓமுக்குக் குறைந்த காயில் உள்ள) டேங்க்கில் ஊற்றிவிட்டுத் தலைசுற்றல், வாந்தி என்று உட்கார்ந்தவர்கள் உண்டு. வாட்டை ஏற்றும்போது நிகோட்டின் அடர்த்தியை இறக்குங்கள்.

வெப்பக் கட்டுப்பாட்டு முறையில் ஒரு நுணுக்கம்

டெம்பரேச்சர் கண்ட்ரோல் உள்ள மாடில் வெப்பமானி எதுவும் இல்லை. கம்பி சூடேறும்போது அதன் ஓம் கூடுவதை வைத்து, போர்டு வெப்பத்தை ஊகிக்கிறது. காந்தல் (Kanthal) என்ற உலோகக் கலவைக் கம்பியின் ஓம் சூட்டில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், ஆகையால் அதில் இந்த முறை வேலை செய்யாது. நிக்கல், டைட்டானியம், எஸ்எஸ்316 என்ற துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றுக்குத்தான் பொருந்தும். கம்பி எதுவோ அதையே மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறையப் பேர் விடும் பிழை, காயில் சூடாக இருக்கும்போதே அதன் ஓமை மாடில் அடிப்படை அளவாகப் பூட்டுவது. இழுத்துக்கொண்டிருந்த டேங்க்கைக் கழற்றி உடனே இன்னொரு மாடில் மாட்டுகிறீர்கள். காயில் இன்னும் 60 டிகிரியில் இருக்கிறது, போர்டோ அதை 20 டிகிரி என்று நம்புகிறது. எஸ்எஸ்316 கம்பியில் நீங்கள் 220 டிகிரி வைத்தால், நிஜத்தில் அது ஏறத்தாழ 265-ஐத் தொட்டுவிடும். திரையில் 220 என்றே இருக்கும். காயில் நன்றாக ஆறிய பிறகு பூட்டுங்கள்.

உறையில் எழுதியிருப்பதை நம்புவது

மேலே போட்ட அத்தனை கணக்குக்கும் பேட்டரியின் ஆம்ப் வரம்புதான் அஸ்திவாரம். அந்த எண்ணே பொய்யானால்? 18650 பேட்டரியின் உறையில் "40 ஆம்ப்" என்று அச்சிட்டிருந்தால் அதைத் தொடர் வரம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில நொடித் துடிப்புக்கான எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அல்லது வேறு பேட்டரிக்குப் புது உறை மாட்டியிருப்பார்கள். செல்லைத் தயாரித்த நிறுவனத்தின் தரவுத்தாளில் உள்ள தொடர் வரம்பைப் பாருங்கள். அது கிடைக்காத பேட்டரியை வேப்புக்குப் போட வேண்டாம்.

உறை கிழிந்த பேட்டரியும் அப்படித்தான். பாசிட்டிவ் முனை தவிர மற்ற உடம்பு முழுவதும் நெகட்டிவ். மேல் விளிம்பில் நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும், மாட் உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். உதிரிப் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடுவதும் அதே வகை. 2009 முதல் 2016 வரை அமெரிக்காவில் செய்திகளில் வந்த மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. மொத்தம் 195. அவற்றில் 61 சம்பவங்களில் சாதனமோ உதிரிப் பேட்டரியோ சட்டை அல்லது பேண்ட் பையில்தான் இருந்தது. உதிரிப் பேட்டரி சில்லறையில் பட்டு ஷார்ட் ஆவதை ஒரு பிளாஸ்டிக் பேட்டரி டப்பா தடுத்துவிடும்.

நண்பரின் குழாய்க்கு வருகிறேன். அவரோடு உட்கார்ந்து 0.35 ஓமுக்கு ஒரு காயில் சுற்றினோம். 4.2-ஐ வகுத்தால் 12 ஆம்ப், 50 வாட். 20 ஆம்ப் பேட்டரிக்கு வசதியான இடைவெளி. திருகை இறுக்கிய பிறகு மீட்டரில் மூன்று முறை வைத்துப் பார்த்தோம். முதல் முறை எண் ஆடியது. காயிலின் ஒரு கால் திருகுக்குள் சரியாக உட்காரவில்லை. அதை மறுபடி இறுக்கியதும் நின்றது.

மாட்டும்போதுதான் அடுத்ததைக் கவனித்தேன். அது ஹைப்ரிட் வகை, அதாவது டேங்க்கின் 510 முள் (திருகு மறையின் நடுவே இருக்கும் மின்முனை) நேரே பேட்டரியின் தலையைத் தொடும். அந்த முள், மறையின் விளிம்பைவிட நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பே பேட்டரித் தலையில் பட்டு, காயிலைத் தொடாமலே முழு ஷார்ட் ஆகும். அப்போது நாம் போட்ட ஓம் கணக்கு எதற்கும் உதவாது. அவருடைய டேங்க்கின் முள் விளிம்புக்குச் சமமாக இருந்தது, விரல் நுனியால் தடவினால் மேடு தட்டவில்லை. அத்தனை நாளும் அதில்தான் இழுத்திருக்கிறார். அந்த டேங்க்கை அந்தக் குழாயில் மாட்ட விடாமல் தனியே எடுத்து வைத்தேன். சுற்றிய காயிலை, போர்டு உள்ள தன் பழைய மாடில் பூட்டி எடுத்துக்கொண்டு போனார்.