பழைய லேப்டாப் மந்தமாகிவிட்டதா? முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

லேப்டாப் மந்தமானதும் பலர் ரேம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க் என்றால், அந்தப் பணத்தை முதலில் அதை எஸ்எஸ்டியாக மாற்றச் செலவழியுங்கள் என்பேன். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: உள்ளே இருப்பது எது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால், டிஸ்க் 0-க்குக் கீழே ஹெச்டிடி (சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி (சிப்பில் தகவலைச் சேமிப்பது) என்று இருக்கும். ஹெச்டிடி என்றிருந்து, லேப்டாப்பை ஆன் செய்து வெகுநேரம் ஆகியும் அது 100 சதவீதத்திலேயே நின்றால் சிக்கல் அங்கேதான்.

படி 2: உடல்நலம்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் வேறெதையும் தொடாமல், முக்கியமான ஃபைல்களை உடனே வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். அடுத்த படியும் அந்த டிஸ்க்குக்கு வேண்டாம்.

படி 3: வேகம்

டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளை ஓட்டினால், முதல் வரியில் ஹார்ட் டிஸ்க்கும் நொடிக்கு 100 எம்பி போலக் காட்டும். அதை நம்பிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது, சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை எடுக்கும் வேகத்தைக் காட்டும் ஆர்என்டி4கே என்ற கடைசி வரி. அங்கே 1 எம்பிகூட வராது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தேவையான இடம், தகவலைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகர்ந்து போகவே 12 மில்லிநொடி போல ஆகும். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு 60 வரைதான் எடுக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ இப்படிப்பட்ட சின்னத் துண்டுகளை ஆயிரக்கணக்கில்! எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. சாதாரண சாட்டா (ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பு) எஸ்எஸ்டியே இந்த வரியில் 20 எம்பியைத் தாண்டும்.

படி 4: எதை வாங்குவது?

பழைய லேப்டாப் என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். எம்.2 இடம் (மெல்லிய அட்டை போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என்விஎம்இ பெட்டியில் நொடிக்கு 3500, 7000 எம்பி என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அன்றாட வேலையில் சாட்டாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கை விட்டு வருவதுதான் பெரிய தாவல்.

படி 5: மாற்றுவது

முதலில் பேக்கப். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் ரெகவரி கீயைக் குறித்துக்கொள்ளுங்கள். புது எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிளில் செருகி, குளோனிங் மென்பொருளால் பழைய டிஸ்க்கை அப்படியே அதில் நகலெடுங்கள். அப்புறம் லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பொருத்துங்கள். எஸ்எஸ்டிக்கு, சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் மென்பொருள் எதுவும் தேவையில்லை. அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

சரி, ஹார்ட் டிஸ்க்கின் காலம் முடிந்ததா?

இல்லை. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. எல்லாம் சேர்ந்து சுமார் 3.75 எம்பி, ஒரு தகவலை எடுக்க 600 மில்லிநொடி. இன்று 30 டிபி டிஸ்க் வந்துவிட்டது. கொள்ளளவு 80 லட்சம் மடங்கு ஆகியிருக்கிறது, தேடும் வேகமோ ஏறக்குறைய 50 மடங்குதான். இனியும் வளரப்போவது கொள்ளளவுதான். டிஸ்க் தயாரிக்கும் சீகேட் நிறுவனத்தின் ஹேமர் தொழில்நுட்பத்தில், தகவலை எழுதும் நொடியில் ஒரு குட்டி லேசர் தட்டின் மிகச் சிறு புள்ளியை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறது. அதனால் இன்னும் நெருக்கமாக எழுத முடிகிறது. டேட்டா சென்டர்கள் இவற்றை வாங்குகின்றன.

கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வையுங்கள். எஸ்எஸ்டியை மின்சாரமே இல்லாமல் பல வருடம் அலமாரியில் வைத்தால் தகவல் அழிய வாய்ப்புண்டு. குடும்பப் படங்களின் இன்னொரு பிரதிக்கு ஹார்ட் டிஸ்க்கையே நான் பரிந்துரைப்பேன்.