காரில் கடுகளவு துரு: பெயிண்ட் வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

கடுகளவு துருப்புள்ளிக்கு டச்-அப் பாட்டில் (சிறு கீறல் மறைக்கும் பெயிண்ட்) வாங்கி ஒரு சொட்டு வைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் பெயிண்ட் கொப்பளித்துப் புள்ளி மிளகளவு ஆகிவிடும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால் மேலே உள்ள பெயிண்டை உள்ளிருந்தே நெம்பித் தூக்கிவிடுகிறது. தூக்கிய விளிம்புக்கு அடியில் ஈரம் நுழைந்து இன்னும் கொஞ்சம் அரிக்கிறது. ஆகவே கண்ணில் படும் புள்ளியைவிட அடியில் ஓடியிருக்கும் துரு எப்போதும் பெரிது. அதை முழுக்கத் திறக்காமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

முதலில், அது உங்கள் வண்டித் தகட்டின் துருதானா என்று பாருங்கள். வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறப் பொடி தூவியதுபோல் நிறையப் புள்ளிகள் இருந்தால், அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத்தூள். ரயில் தண்டவாளத்துக்கு அருகில் நிறுத்தினாலோ, பக்கத்து வீட்டு கேட்டுக்குக் கிரைண்டர் ஓட்டும்போது பொறி பறந்து விழுந்தாலோ இப்படி ஆகும். சந்தேகம் தீர பம்பரைப் பாருங்கள். பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. அங்கேயும் அதே புள்ளிகள் இருந்தால் சுரண்டலும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். வண்டியைக் கழுவி, நிழலில், பாடி சூடில்லாதபோது ஐயர்ன் ரிமூவர் (இரும்புத்தூளைக் கரைக்கும் திரவம்) அடித்து 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். புள்ளிகள் ஊதா நிறமாகக் கரைந்து வழியும், அழுகிய முட்டை நாற்றம் வரும். காயவிடாமல் கழுவுங்கள். மிச்சம் இருப்பதை ஷாம்பு தண்ணீர் தெளித்துக்கொண்டே கிளே பாரால் (ஒட்டிய தூளை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்து எடுக்கலாம். கிளே தரையில் விழுந்தால் மறுபடி உபயோகிக்காதீர்கள், ஒட்டிய மண் பெயிண்டில் கோடு போட்டுவிடும்.

பானெட் முன் விளிம்பில் கல் பட்ட இடம், கதவு ஓரம் இடித்த இடம், ரூஃப் முன்பகுதி ஆகியவற்றில் தனித்தனியாக இருப்பவை உண்மையான துரு. சிறிய ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு கெட்டியாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். முனை உள்ளே இறங்கினாலோ, வீல் ஆர்ச் மடிப்பிலும் கதவின் அடித்தையலிலும் பெயிண்ட் வரிசையாகக் கொப்பளித்திருந்தாலோ துரு உள்பக்கத்திலிருந்து வருகிறது. அது டிங்கரிங் கடைக்காரர் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டிய வேலை.

வீட்டு வேலைக்கு வேண்டியவை: 180, 320, 600, 2000 நம்பர் உப்புத்தாள், பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர், இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி பிரைமர் (பெயிண்டுக்கு அடிப்பூச்சு), வண்டியின் கலர் கோடுக்கு (கம்பெனி தந்த நிறக் குறியீடு) ஏற்பக் கலந்த பெயிண்ட், கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு), மாஸ்கிங் டேப், ஐசோபுரொபைல் ஆல்கஹால், பூஜ்யம் நம்பர் தூரிகை, பல்குத்தும் குச்சி, கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி. கலர் கோடு கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ பானெட்டுக்குள் உள்ள தகட்டிலோ இருக்கும். வெயிலில் வெளுத்த பழைய வண்டி என்றால், கலந்த பெயிண்டை விசிட்டிங் கார்டில் ஒரு கோடு இழுத்து நன்றாகக் காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாடியோடு ஒட்டிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெரிவது சரியான நிறமல்ல.

நாள் தேர்வு முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். தை, மாசியில் பனி ஈரம் காய்ந்தபின் காலையில் நிழலில் தொடங்குங்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் காயும் பெயிண்டின் மேல் வெள்ளையாகப் படரும். உச்சி வெயிலில் சுடும் தகட்டில் பெயிண்ட் பரவுவதற்குள் திட்டாகக் காய்ந்துவிடும்.

இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவி உலர்த்தி, ஆல்கஹாலில் துடையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம்: முன்னது எண்ணெய்ப் படலம் விடும், பின்னது தீ ஆபத்து. புள்ளியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு டேப் ஒட்டுங்கள். தூக்கியிருக்கும் பெயிண்டைக் கத்தி முனையால் பெயர்த்துக்கொண்டே போங்கள். நகத்தால் நெம்பினாலும் பெயராத விளிம்பு வரும்வரை நிறுத்தக் கூடாது. கடுகளவாக இருந்தது இப்போது சுண்டல் அளவு ஆகியிருக்கும். பயப்பட வேண்டாம், உண்மையான அளவே அதுதான்.

பென்சிலின் பின்முனையில் 180 உப்புத்தாளை ஒட்டிக்கொண்டு, உலர்வாகவே தேயுங்கள். வெற்றுத் தகட்டில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கடலோரத்தில் சில நிமிடங்களிலேயே புதுத் துரு மஞ்சளாகப் படரும். தகடு பளபளத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வெள்ளிபோல் மின்னும் தகட்டில் ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். துரு அரித்த குழிகள் அவை. உப்புத்தாள் மேட்டைத்தான் தொடும், குழிக்குள் போகாது. அந்தக் கறுப்புக்காகத்தான் கன்வெர்ட்டர். பல்குத்தும் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து, தகட்டின்மேல் மட்டும் வையுங்கள். பாஸ்பாரிக் வகை துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், பொதுவாக 10 முதல் 20 நிமிடத்தில் சாம்பலாகவோ கறுப்பாகவோ ஆகும். பிறகு லேபிளில் சொல்லியபடி கழுவி, உடனே ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். அமிலம் மிஞ்சினால் எபாக்ஸி பிரைமர் பிடிக்காது. டானிக் (tannic) அமில வகையோ கழுவாமல் விடவேண்டியது, கறுப்புப் படலமாகவே நிற்கும். கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் தொடங்காதீர்கள்.

அடுத்து 320-ஆல் பெயிண்ட் விளிம்பைச் சரிவாக்குங்கள். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. துடைத்து, அன்றைக்கே பிரைமர் வையுங்கள். வெற்றுத் தகட்டை ஒரு இரவுகூடத் திறந்து விடக் கூடாது. இவ்வளவு சிறிய இடத்துக்கு 2, 3 மி.லி. போதும். மருந்துக் கடை சிரிஞ்சால் டப்பாவில் போட்ட விகிதப்படி அளந்து கலக்குங்கள். கண் மதிப்பில் ஹார்ட்னர் (பிரைமரை இறுகவைக்கும் இரண்டாவது பாகம்) ஊற்றினால் பிரைமர் கெட்டிப்படாமல் பிசுபிசுப்பாகவே கிடக்கும். தூரிகையால் மெல்லிய இரண்டு பூச்சு. பட்டி (குழி நிரப்பும் பசை) பார்க்கலாமே என்று கடையில் சொல்வார்கள். இந்த அளவு புள்ளிக்குப் பட்டி தேவையே இல்லை. கம்பெனிப் பெயிண்டின் மொத்த கனமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அந்தப் பள்ளத்தைப் பூச்சுகளே நிரப்பிவிடும். அதோடு பட்டி ஈரத்தை உறிஞ்சும், வெற்றுத் தகட்டின் மேல் போட்டால் துரு அதற்கு அடியிலேயே வளரும்.

மறுநாள் பிரைமரை 600-ஆல் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். கலர் பெயிண்டை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள், மெட்டாலிக்கில் மினுக்குத் தூள் அடியில் படிந்திருக்கும். குச்சி நுனியால் நடுவில் வைத்து ஓரத்துக்குப் பரவவிடுங்கள், இழுக்காதீர்கள். 20 நிமிட இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் தடியாக வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்ளும், பிறகு குமிழாக வெடிக்கும். மெட்டாலிக், பேர்ல் நிறங்களுக்குக் கிளியர் கோட் கட்டாயம். இரண்டு மூன்று பூச்சு, சுற்றியுள்ள பெயிண்டைவிடச் சற்று மேடாக நிற்கும்படி. கரைப்பான் வெளியேற வெளியேற அது அமிழும். அதனால் முதல் நாளே சமமாகத் தெரிந்தால் ஒரு வாரத்தில் குழியாகிவிடும்.

ஒரு வாரம் கழித்து, 2000-ஐச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மேட்டை மட்டும் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பு வரவையுங்கள். பக்கத்துக் கிளியர் கோட்டைத் தேய்த்துத் தின்றுவிடாமல் சுற்றிலும் டேப் இருக்கட்டும். மெழுகு ஒரு மாதம் கழித்துப் போதும். கிட்டே போய்ப் பார்த்தால் மெட்டாலிக்கில் அந்த இடம் ஒரு சாயல் கறுத்துத் தெரியும். தூரிகையில் மினுக்குத் தூள் ஸ்பிரேபோல் படுக்காது.

முதல் மழைக்காலம் முடிந்ததும் விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவுங்கள். துரு திரும்ப வந்திருந்தால், நிறம் மாறுவதற்கு முன்பே மேடு தட்டும். மேடு தட்டினால் குழியில் கறுப்பு மிஞ்சியிருக்கிறது. திரும்பவும் 180-லிருந்து தொடங்க வேண்டும்.