ரெகுலேட்டரி வேலைக்கு அனுபவம் கேட்கிறார்களா? வீட்டிலிருந்தே ஒரு மாதிரி டோசியர் தயார் செய்யுங்கள்

பயோடெக் முடித்துவிட்டு மருத்துவக் கருவிக் கம்பெனிகளில் ரெகுலேட்டரி அஃபேர்ஸ் (கருவிக்கு அரசு அனுமதி வாங்கும் பிரிவு) வேலை தேடினால் போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "ஃபைலிங் பண்ணியிருக்கீங்களா?" அதாவது, அனுமதிக்கு விண்ணப்பம் போட்ட அனுபவம் உண்டா என்று. வேலை கொடுத்தால்தானே ஃபைலிங் பண்ண முடியும்! எனக்கு ஆறு இன்டர்வியூ இப்படியே போனது. ஏழாவதுக்குப் போகும் முன் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு அதற்கு நானே மாதிரி டோசியர் (அனுமதி விண்ணப்பத்தோடு தரும் ஆவணத் தொகுப்பு) எழுதினேன். அன்றைக்குப் பேச்சு முழுவதும் அந்த ஃபைலைப் பற்றித்தான். வேலை கிடைத்தது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்டென்ட், பேஸ்மேக்கர் பக்கம் இப்போது போக வேண்டாம். நான் எடுத்தது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். கையில் வைத்துப் பார்க்கலாம், மேனுவல் வீட்டிலேயே இருக்கும். ஃபைலின் ஒவ்வொரு பக்கத்திலும் "மாதிரி" என்று போடுங்கள். சோதனை முடிவுகளைக் கற்பனையாக எழுதவே கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, அங்கே என்ன அறிக்கை வர வேண்டும் என்று மட்டும் குறியுங்கள். இந்தத் தொழிலில் இல்லாத தரவை எழுதுவதைவிடப் பெரிய தவறு கிடையாது.

படி 2: வகுப்பும் படிவமும்

மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ஐத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்து குறைவானதிலிருந்து அதிகமானது வரை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். உள்நாட்டில் தயாரிக்க உரிமம் வாங்க ஏ, பி என்றால் மாநில அதிகாரியிடம் எம்.டி.-3 படிவம், சி, டி என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.விடம் எம்.டி.-7. இறக்குமதி உரிமத்துக்கு எம்.டி.-14. உங்கள் கருவி எந்த வகுப்பு என்பதை சி.டி.எஸ்.சி.ஓ. வெளியிட்டிருக்கும் பட்டியலில் பாருங்கள். டோசியரில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது நான்காம் அட்டவணையில் இருக்கிறது. அந்தத் தலைப்புகளை அப்படியே உங்கள் ஃபைலின் பொருளடக்கமாக்கிவிடுங்கள்.

படி 3: இன்டெண்டட் யூஸ் (கருவி எதற்கு என்று சொல்லும் வரி)

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. முதல் முறை "இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். படித்துப் பார்த்த சீனியர் அக்கா ஒருவர் கேட்டார்: "யாருக்கு? எங்கே? யார் கையில? ஒரு தடவை பார்க்கவா, ராத்திரி முழுக்க மாட்டி வைக்கவா?" ஒரு கேள்விக்கும் என் வரியில் பதில் இல்லை.

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் வேலையின் அளவையே மாற்றிவிடும். பச்சைக்குழந்தைக்கும் என்று எழுதினால் அதற்குத் தனி ஆதாரம் காட்ட வேண்டும். தொடர்ந்து கண்காணிக்க என்றால் அலாரம் பற்றிய கேள்விகள் வரும். வீட்டு உபயோகம் என்றால் பயிற்சி இல்லாதவர் மேனுவலைப் படித்துச் சரியாக மாட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இதே மாதிரி ஆக்ஸிமீட்டர்கள் விளையாட்டு வீரர்களுக்கு, விமானம் ஓட்டுபவர்களுக்கு என்று மட்டும் சொல்லி விற்கப்படுகின்றன. மருத்துவ நோக்கம் சொல்லாததால் அந்நாட்டு மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அவற்றைப் பரிசீலிப்பதில்லை. பொருள் ஒன்றுதான், நோக்கத்தைச் சொல்லும் வாக்கியம்தான் வேறு.

பல நாள் அடித்துத் திருத்திய பிறகு என் வரி இப்படி நின்றது: "மருத்துவமனையிலும் வீட்டிலும், பெரியவர்களின் ஆக்சிஜன் செறிவையும் நாடித்துடிப்பையும் அவ்வப்போது அளந்து பார்ப்பதற்கு." இதே வரி லேபிளிலும் மேனுவலிலும் ரிஸ்க் ஃபைலிலும் (கருவியின் ஆபத்துகளை அலசும் ஆவணம்) சொல் மாறாமல் வர வேண்டும். ஓரிடத்தில் பிசகினாலும் அதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கொயரி வரும்.

படி 4: ஏற்கெனவே அனுமதி பெற்றதோடு ஒப்பிடுங்கள்

எஃப்.டி.ஏ.வின் 510(கே) தரவுத்தளம் இலவசம். ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் கருவிக்கு இணையானது என்று காட்டி அனுமதி பெற்றவை அதில் இருக்கும். கருவிக் குறியீடு டி.கியூ.ஏ. என்று போட்டால் ஆக்ஸிமீட்டர்கள் வரிசையாக வரும். மூன்று சுருக்க அறிக்கைகளை எடுத்து நோக்கம், தொழில்நுட்பம், அளவீட்டு வரம்பு, துல்லியம் என்று அட்டவணை போடுங்கள். காசு கட்டிப் படிக்கும் சான்றிதழ் கோர்ஸைவிட இந்த அறிக்கைகளைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

துல்லியச் சோதனையைப் பார்க்கும்போது யார்மேல் சோதித்தார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டி குறைந்தது 10 பேர், 200 அளவீடுகள் என்றது. அதில் கருத்த தோல் உள்ளவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது போதும் என்றது. கருத்த தோலில் இந்தக் கருவி ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டிவிடலாம் என்று 2020-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு இது பெரிய விவாதமானது. 2025 ஜனவரியில் புதிய வரைவு வழிகாட்டி வந்திருக்கிறது. மூச்சுத்திணறலோடு வருகிற நம் ஊர்க்காரர் விரலில் மாட்டும் எண் சரியாக இருக்குமா என்பதை ரெகுலேட்டரி மேசையில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் கேட்க வேண்டும். இந்த வேலையை நான் நேசிக்கக் காரணமே இதுதான்.

படி 5: செக்லிஸ்ட்

பாதுகாப்பு, செயல்திறன் அடிப்படைத் தேவைகளின் செக்லிஸ்ட்டை எக்செலில் போடுங்கள், வேர்டில் வேண்டாம். தேவை, பொருந்துமா, எந்த ஸ்டாண்டர்ட், ஆதாரம் எங்கே என நான்கு நெடுவரிசைகள் போதும். பொருந்தாது என்றால் ஏன் என்று ஒரு வரி கட்டாயம். தர மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 13485, ரிஸ்க்குக்கு 14971, ஆக்ஸிமீட்டருக்கே உரிய 80601-2-61 ஆகிய மூன்றும் இங்கே வரும். இவற்றை விலைக்கு வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. தளத்திலேயே நோக்க எல்லையும் சொல் விளக்கங்களும் இலவசமாகப் படிக்கலாம். மாதிரி ஃபைலுக்கு அது போதும்.

பின்சேர்க்கை 1: "பி.எஸ்சி. போதுமா?" என்று கமென்ட்டில் பலர் கேட்டிருக்கிறீர்கள். என்னுடன் வேலை செய்பவர்களில் பி.ஃபார்ம், பயோமெடிக்கல், மைக்ரோபயாலஜி படித்தவர்கள் எல்லோரும் உண்டு. ஆர்.ஏ.சி. என்ற ரெகுலேட்டரி துறைச் சான்றிதழைச் சில வருட அனுபவத்துக்குப் பிறகு யோசித்தால் போதும்.

பின்சேர்க்கை 2: ஒரு தம்பி தன் கோர்ஸ் நோட்ஸை அனுப்பியிருந்தார். அதில் அமெரிக்கத் தர விதியான பகுதி 820-இன் பழைய வடிவமே இருந்தது. 2026 பிப்ரவரி 2 முதல் அது ஐ.எஸ்.ஓ. 13485-ஐ உள்வாங்கிய புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. நோட்ஸ் எந்த வருடத்தது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். ஃபைலில் ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் நீங்கள் பார்த்த தேதியையும் குறித்துவையுங்கள்.