வியன்னாவின் வானவில் இரவுகள்: முதல்முறை போகிறவர்களுக்கு

வியன்னாவில் தன்பாலீர்ப்பாளர்களின் இரவு காபிக்கடையில் தொடங்குகிறது. அங்கே போகிற நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இறங்கிய அன்றே நடன விடுதியைத் தேடி ஓடாதீர்கள். மெட்ரோவின் யு4 தடத்தில் கெட்டன்ப்ரூக்கன்காஸ நிலையத்தில் இறங்கி, லிங்க வீன்ட்சைல சாலையில் 36ஆம் எண்ணில் உள்ள கஃபே சவோய்க்குப் போங்கள். மாலையாக இருந்தால் நல்லது.

உயரமான கூரை, சரவிளக்குகள், சுவரை அடைத்து நிற்கும் பெரிய பெரிய கண்ணாடிகள். மெலாஞ்ஜ் என்று கேளுங்கள். நுரை ததும்பும் பால் காபி அது. சிறிய உலோகத் தட்டில் கோப்பையும், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும், அதன் விளிம்பில் குறுக்காக ஒரு கரண்டியும் வரும். ஒரே காபியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். நீங்கள் கேட்காமல் பில் வராது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அந்தக் கண்ணாடிகள் பெரிய உதவி. யாரையும் நேராகப் பார்க்காமலே கூடம் முழுவதையும் பார்த்துவிடலாம். செய்தித்தாளைப் பங்குபோட்டுப் படிக்கும் வயதான ஆண் இணையரை அங்கேதான் கண்டேன். நாமும் இப்படி மூப்படையலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது. என் துணைவரின் கையைப் பொது இடத்தில் நான் முதன்முதலில் பிடித்ததும் அங்கேதான்.

பில் வந்ததும் ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்த்து, மொத்தத் தொகையை வாயால் சொல்லிக் கொடுப்பது ஊர் வழக்கம். சின்ன மதுக்கூடங்களுக்கு ரொக்கமும் வைத்திருங்கள்.

சவோயிலிருந்து எல்லாமே நடை தூரம்தான். எதிரே நாஷ்மார்க்ட் சந்தை. அதே வரிசையில் 40ஆம் எண், கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் கட்டிய, பூ ஓடுகள் பதித்த வீடு. நின்று பார்த்துவிட்டு நடங்கள். தனியாக வந்தவர்களும் குடிக்காதவர்களும் ஹொய்முல்காஸ 14இல் இருக்கும் குக் என்ற இடத்திற்குப் போகலாம். 1979இல் தொடங்கிய ஹோசி வீன் என்ற உரிமை அமைப்பின் சொந்த மையம் அது. மதுக்கூடம் வேண்டுமென்றால் ஸ்டீகன்காஸவில் வில்லேஜ், கும்பண்டார்ஃபர் தெருவில் ஃபெலிக்ஸ். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். சில மதுக்கூடங்களின் கதவு சாத்தியே இருக்கும், பக்கத்தில் அழைப்பு மணி இருக்கும். தயங்காமல் அழுத்துங்கள்; எல்லோருக்கும் அப்படித்தான் திறக்கிறார்கள்.

லிங்க வீன்ட்சைல சாலையிலேயே இன்னும் மேலே, 102ஆம் எண்ணில், ரோசா லீலா வில்லா, அதாவது இளஞ்சிவப்பு-ஊதா வீடு. இடிக்கப்படவிருந்த வீட்டில் 1982இல் இளைஞர்கள் குடியேறி, தன்பாலீர்ப்பாளர்களின் இல்லமாக மாற்றினார்கள். இப்போது அதன் பெயரில் டர்க்கீஸ் நிறமும் முன்னால் சேர்ந்திருக்கிறது. திருநங்கையர், திருநம்பியர் முதலில் விசாரிக்க வேண்டிய முகவரி இது.

வைபுர்க்காஸவில் உள்ள கைசர்ப்ருண்டல், ஆண்களுக்கான நீராவிக் குளியலகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூரிஷ் பாணியில் கட்டிய குளியலகக் கட்டடம் அது. பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃபின் கடைசித் தம்பி லுட்விக் விக்டர் இங்கே ஒரு வம்பில் சிக்கியதால்தான் சால்ஸ்பர்க் பக்கத்து அரண்மனைக்கு அனுப்பப்பட்டார் என்று ஊரில் சொல்வார்கள். செல்பேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிடுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் அங்கே யாரும் வற்புறுத்துவதில்லை. நீங்களும் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

பகலில் ஒரு நடை கட்டாயம் போங்கள். கார்ல்ஸ்பிளாட்ஸ் அருகே ரெசல் பூங்காவில், நாஜிகளால் துன்புறுத்தப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்காக 2023இல் திறந்த நினைவுச்சின்னம் இருக்கிறது. வானவில் வளைவுதான், ஆனால் ஒவ்வொரு பட்டையும் சாம்பலின் வேறுவேறு சாயல். தன்பாலுறவுக்காக ஆஸ்திரியச் சட்டம் ஆண்களோடு பெண்களையும் தண்டித்தது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. உறவுக்கு இசைவு தரும் வயதை ஆண்-ஆண் உறவுக்கு மட்டும் அதிகமாக வைத்த பிரிவு 2002இல்தான் போயிற்று. 2019 முதல் திருமணம் செய்துகொள்ளலாம்.

பிறகு ஒன்பதாவது மாவட்டத்தில் பெர்க்காஸ தெரு. 19ஆம் எண், உளப்பகுப்பாய்வின் தந்தை ஃபிராய்டின் வீடு. மகனின் தன்பாலீர்ப்பைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதிய ஓர் அமெரிக்கத் தாய்க்கு 1935இல் அவர் பதில் எழுதினார்: இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதை நோயாகக் கருத முடியாது என்று. ‘மாற்றும்’ சிகிச்சை கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் சொல்வதற்கு 86 ஆண்டுகளுக்கு முன்பு! பெற்றோரால் மருத்துவர் மருத்துவராக இழுத்துச் செல்லப்பட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வியன்னா வந்தால் அரண்மனைகளைக் காட்டுவதற்கு முன் இந்த வாசலுக்குத்தான் அழைத்துப் போவேன். அதே தெருவில் 8ஆம் எண் லோவன்ஹெர்ட்ஸ், நம்மவர்களுக்கான புத்தகக் கடை. ஆங்கிலப் புத்தகங்களும் உண்டு.

தெருவைக் கடக்கும்போது சிக்னலையும் கவனியுங்கள். 2015இல் யூரோவிஷன் பாடல் போட்டியை ஒட்டி வைத்த விளக்குகள் பல இன்னும் இருக்கின்றன: சிவப்பில் இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ ஓர் ஆணும் பெண்ணுமோ நிற்பார்கள், பச்சையில் கைகோத்து நடப்பார்கள், அருகே ஒரு இதயம்.

இந்தியாவிலிருந்து இணையராகப் போகிறவர்களுக்கு: நம் சட்டம் நம் உறவை ஏற்காததால் ஷெங்கன் விசாவுக்குத் தனித்தனியாக, தத்தம் வங்கிக் கணக்கோடு விண்ணப்பியுங்கள். ஓட்டலில் இரட்டைக் கட்டில் வேண்டும் என்று முன்பே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும் என்பதால் பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்குங்கள்.

செயலி வழியே யாரையாவது சந்திப்பதானால் முதல் சந்திப்பு காபிக்கடையிலேயே இருக்கட்டும். போலீசுக்கு 133, ஆம்புலன்சுக்கு 144. மாரியாஹில்ஃபர் கூர்ட்டல் 4இல் எய்ட்ஸ் ஹில்ஃப மையத்தில் பெயர் சொல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளலாம். பாதுகாப்பற்ற உறவு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எந்த மாதம் போவது? ஜூனில் வானவில் ஊர்வலம். ரிங் சாலையில் வழக்கமான போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் செல்வது அதன் தனி அழகு. அறைக்குப் பல மாதம் முன்பே சொல்லிவையுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் குளிர்காலம்தான். ஜனவரி, பிப்ரவரி வியன்னாவில் பெரிய நடன விழாக்களின் பருவம்; அதில் ஹோசி வீன் நடத்தும் ரேகன்போகன்பால் (வானவில் நடன விழா) உண்டு, ஷோன்ப்ருன் பார்க் ஓட்டலில். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து வால்ட்ஸ் ஆடுகிறார்கள். பேரன் வயதுள்ளவர்களும் தாத்தா வயதுள்ளவர்களும் ஒரே தளத்தில். டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும். உடை விதி கண்டிப்பானது: தரை தொடும் கவுன் அல்லது மாலைநேர கோட்டு. பட்டுப் புடவையோ வேட்டியோ அணிய ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடலாம். வால்ட்ஸ் தெரியாதா? அந்தப் பருவத்தில் நடனப் பள்ளிகள் குறுகிய வகுப்புகள் நடத்துகின்றன. இரண்டு ஆண்கள் சேர்ந்து பதிவு செய்வதாக முன்பே சொல்லுங்கள், யார் வழிநடத்துவது என்று மட்டும் கேட்பார்கள். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடியும்வரை ஓடும். ஓட்டலுக்குப் பக்கத்திலேயே ஹீட்சிங் நிலையம், யு4 தடம்.