நீலகிரியில் பழைய பங்களாவும் சிறு மியூசியமும் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஊட்டிக்கு வருகிறவர்கள் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா எல்லாம் முடித்து, நேரம் மிஞ்சினால் ஒரு பழைய பங்களாவை எட்டிப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். முதல் தவறு இதுதான். சாயங்காலம் போய் நின்றால் பூட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். சிறு மியூசியங்களில் ஒருவரோ இருவரோதான் பொறுப்பில் இருப்பார்கள். அவர் சாப்பிடப் போனாலே கதவு சாத்திக் கிடக்கும். காலையில் முதல் வேலையாக இவற்றைப் பாருங்கள். கிழமையையும் கவனியுங்கள்: மைசூர் ரோட்டில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையம் ஓர் அரசு அலுவலகம், அதனால் சனி, ஞாயிறை நம்பிக் கிளம்பாமல் முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள். வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம்.

அடுத்தது வழி. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களா இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அவர் 1819-ல் மலையேறி வந்து கோத்தகிரிப் பக்கம்தான் முதலில் தங்கினார். இடிந்து கிடந்த அந்தக் கட்டடத்தைச் சீரமைத்து, நீலகிரியின் பழைய படங்களும் ஆவணங்களும் உள்ள நினைவகமாக வைத்திருக்கிறார்கள். ஊட்டியில் தங்கிக்கொண்டு அரை நாளில் இதைப் பார்த்துத் திரும்பும் திட்டம் சீசனில் சரிப்படாது. ஏப்ரல், மே மாதங்களில் வழக்கமாக ஒருவழிப்பாதைதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். ஆகவே கோத்தகிரியை ஊர் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியிலேயே அமைந்துவிடும்.

பழைய கட்டடம் என்றாலே உள்ளே விடுவார்கள் என்று எண்ணுவது இன்னொரு தவறு. 1822-ல் சல்லிவன் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. வகுப்பு நடக்கிற இடம் அது, கேட்டில் அனுமதி கேட்காமல் நுழையக் கூடாது. ஊட்டி கிளப்பும், ராபர்ட் சிஷோல்ம் வடிவமைத்த நீலகிரி நூலகமும் உறுப்பினர்களுக்கானவை. வாசலில் வாதாடுவதால் காவலருக்குத்தான் சங்கடம்.

வழியில் கேட்கும் கதைகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஸ்னூக்கர் பிறந்ததே ஊட்டியில்தான் என்பார்கள். நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அந்த ஆட்டத்தை உருவாக்கியது 1875-ல் ஜபல்பூரில். அதற்கு விதிமுறை எழுதி மாட்டியதுதான் 1882-ல் ஊட்டி கிளப்பில். ஆனால் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை என்பது உண்மை. உள்ளே போனால் மேலே நிமிர்ந்து அந்த மரங்களைப் பாருங்கள். பின்பக்கக் கல்லறையில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடங்கியிருக்கிறார்கள். அங்கே ஏறி நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நீலகிரியின் சரித்திரமே சல்லிவனோடு தொடங்குகிறது என்று எண்ணுவது. சல்லிவன் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, 1603-ல், பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் இங்கே வந்து, இந்த மலையில் வாழ்ந்த தோடர்களைப் பற்றியும் படகர்களைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார். தோடர்களின் நெய், கோத்தர்களின் இரும்புக் கருவியும் மண்பானையும், படகர்களின் தானியம், குறும்பர்களின் தேன் என்று ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்த மலை இது. பங்களாக்களை மட்டும் பார்த்துத் திரும்பினால் இவர்கள் யாரும் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

அதனால்தான் முத்தோரை பாலாடாவுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள் என்கிறேன். அங்கே பழங்குடி வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தோடர் வீட்டின் முன் நின்று பாருங்கள்: மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்த அரைவட்டக் கூரை தரைவரை இறங்கும். வாசலோ மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும் என்கிற அளவுக்குச் சின்னது. குளிரும் காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராமல் இருக்க அப்படி. கோயில் கூரைக்குச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு தனிப் புல்லைத்தான் தோடர்கள் தேடிப் போவார்கள். தேயிலையும் யூகலிப்டஸும் வந்து சதுப்புகள் சுருங்கிவிட்டதால், இன்று அந்தப் புல் கிடைப்பதே பெரும்பாடு.

இதைப் பார்த்துவிட்டுத் தோடர்களின் மந்துக்குப் போகிறவர்கள், அதையும் மியூசியமாகவே நினைத்துவிடுகிறார்கள். மந்து என்பது ஆட்கள் குடியிருக்கும் ஊர். அங்கே எருமைப் பாலோடு இணைந்த கோயில் உண்டு. தோடர் அல்லாதவர்கள் அதற்குள் போகக் கூடாது, பெண்கள் நெருங்குவதும் வழக்கமில்லை. சுற்றியிருக்கும் கல்சுவருக்கு வெளியிலேயே நின்றுகொள்ளுங்கள். வீட்டையோ மனிதரையோ படம் எடுக்குமுன் வாய்திறந்து கேளுங்கள். வேண்டாம் என்றால் போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

தோடர்கள் பூவேலை செய்த பூத்துக்குளி சால்வை வாங்க ஆசைப்பட்டால், டவுன் கடையில் தொங்கும் மெஷின் சால்வையை அது என்று நம்பி வாங்காதீர்கள். அசலில், வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, சிவப்பும் கறுப்புமாகக் கையாலேயே தைத்திருப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு இது. ஒரு சால்வைக்கு எத்தனை நாள் பிடித்தது என்று தைத்த அம்மாவிடமே கேளுங்கள். அதைக் கேட்டபின் சொன்ன விலையைக் குறைக்கச் சொல்ல மனம் வராது.